நனைந்த மண்ணில் வாடிய உண்ணிச்செடி: சுங்கை சிப்புட் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்துக்குச் சற்று வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. அதில் ஒரு மூலை வீடு, முகப்பு மேற்குப் பார்த்தது. கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தின் ஓரமாக 18 கறுப்புப் பூச்சட்டிகள். பக்கவாட்டு வேலியோரம் 6 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பாத்தி, அதில் 12 செடிகள். எல்லாமே உண்ணிச்செடி; நர்சரிகளில் லந்தானா என்று சொல்லி விற்பது. வைத்தது ஜனவரிக் கடைசியில்.

ஏப்ரல் நடுவில் நிலைமை இது. சட்டிகளில் 6 செத்துவிட்டன. மிஞ்சிய 12இல் ஐந்து மத்தியானம் தலை தொங்கி, பொழுது சாய்ந்த பிறகும் நிமிரவில்லை. பாத்தியில் இருந்தவை ஒரு மீட்டர் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வளர்ந்திருந்தன, ஆனால் பூ இல்லை. அந்தப் பாத்தியிலேயே தெருப்பக்கம் இருந்த மூன்று செடிகளின் இலைகள் சாம்பல் பூத்தாற்போல வெளுத்திருந்தன. வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னார்கள்: வெயில். உண்மையில் அங்கே மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. வெயில் நேரடியாகச் செய்த கெடுதல் சட்டிகளின் மேற்குப் பக்கத்தில் மட்டும்தான், அதுவும் இலையில் இல்லை, வேரில்.

செடியைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. லந்தானா கமாரா வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயஸ் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். மலாய்க்காரர்கள் புஙா தாஹி ஆயாம், அதாவது கோழி எச்சப் பூ, என்பார்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஏன் என்று தெரியும். ஊதாப் பூவோடு தரையில் படர்ந்து, சட்டியிலிருந்து வழிந்து தொங்குவது லந்தானா மான்டிவிடென்சிஸ் என்ற இன்னொரு இனம். கமாராவின் ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் ரோஜாவும் சேர்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு செடி ஒட்டி வளர்ந்ததாகச் சிலர் நினைப்பதுண்டு. பூ மலரும்போது மஞ்சள். மகரந்தச் சேர்க்கை நடந்த பிறகு நிறம் மாறும். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பும் இருந்தால் அங்கே வண்ணத்துப்பூச்சிகளின் நடமாட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

வெயில் தாங்கும் என்பது பொய்யில்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை செல்சியஸ் வரை நின்றால் முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. அந்த வெப்பத்தில் தரையில் வேர் பிடித்த உண்ணிச்செடி நிற்காமல் பூக்கும். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை போன்ற நாளில்கூட இலை கொஞ்சம் துவளுமே தவிர, சூரியன் இறங்கியதும் நிமிர்ந்துவிடும். இந்த வீட்டுச் சட்டிகளில் நிமிரவில்லை என்பதுதான் முதல் தடயம்.

சட்டிகளில் நடந்தது

தினம் காலையும் மாலையும் குழாய் வைத்துத் தண்ணீர். மார்ச்சில் வெயில் ஏறியதும் மத்தியானமும் ஒரு வாளி. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு சட்டியை நகர்த்தப் போய்க் கேட்டான்: "அக்கா, சட்டி கல்லு மாதிரி கனக்குது. இன்னும் எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" பதில்: "தலை தொங்குதே தம்பி, பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?"

இந்த இரண்டு வரியில் முழு நோயும் இருக்கிறது. வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மண் காய்ந்திருந்தால் சரி. மண் ஈரமாக இருக்க, வாடிய செடி பொழுது சாய்ந்தும் நிமிராவிட்டால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை. அந்த நேரத்தில் ஊற்றும் ஒவ்வொரு செம்பும் மிச்சமிருக்கிற வேரையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 25 பாகைத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 35 பாகையில் அது 7 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். வேரோ சூடு ஏற ஏற அதிகமாக மூச்சு விடும். தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. மண்ணின் துளைகளில் காற்று இருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை. துளையெல்லாம் தண்ணீராக நின்றால் நுனி வேர் முதலில் மூச்சடைத்துச் சாகும். செத்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் ஏறும். குளிர் நாட்டில் வாரக்கணக்கில் நடப்பது நம் ஊர் வெப்பத்தில் சில நாளில் முடிந்துவிடும்.

சட்டியில் நிரப்பியிருந்தது பொட்டலத்தில் வரும் கறுப்பு மண், வேறு எதுவும் கலக்கவில்லை. பார்க்க வளமாகத் தெரியும் அந்த மண், இரண்டு மாதம் நனைந்து நனைந்து களி கிண்டியது போல இறுகிவிடும். சட்டியின் அடியில் நான்கே ஓட்டைகள். அவற்றின் கீழே தட்டு. தட்டில் எப்போதும் தண்ணீர். தண்ணீர் நிற்கும் தட்டு ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீட்டில் கொசு முட்டை கண்டால் தண்டனை உண்டு என்பதால், உண்ணிச்செடிக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தட்டுகளை எடுத்தே ஆகவேண்டும்.

இதோடு சேர்ந்தது மேற்கு வெயில். 20 சென்டிமீட்டர் கறுப்பு பிளாஸ்டிக் சட்டி, சிமெண்டுத் தளத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு. சட்டிச் சுவரை ஒட்டிய மண் 45 பாகையைத் தாண்டுவது அப்படிப்பட்ட இடத்தில் அதிசயமில்லை. இலைக்கு வியர்க்கத் தெரியும்; நீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். வேருக்கு அந்த வழி இல்லை. தரையில் அரையடி ஆழத்தில் குளுமையாக வளர்ந்து பழகிய வேரை அடுப்பங்கரையில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. வெயில் தாங்கும் செடி என்று நர்சரியில் சொல்வது இலையைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். செடிக்கு வெயில் வேண்டும், சட்டிக்கு நிழல் வேண்டும்.

சட்டியிலிருந்து செடியைக் கவிழ்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இடது கையின் இரு விரல்களுக்கு நடுவே தண்டைப் பிடித்து, சட்டியைத் தலைகீழாக்கி, விளிம்பை ஒரு செங்கல்லில் தட்டினால் மண்ணோடு முழுதாகக் கழன்று வரும். நல்ல வேர் பாலேடு நிறத்தில், நெருடினால் விறைப்பாக இருக்கும். இங்கே வந்தது பழுப்பு. இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை கழல்வது போலக் கையோடு வந்தது. உள்ளே தலைமுடி மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். அடைத்துக் கிடக்கும் கால்வாயின் வாடை. மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி வேரே இல்லை, வெறும் மண். கிழக்குப் பக்கம் கொஞ்சம் உயிர் இருந்தது. ஒரே சட்டியில் வெயில் செய்த வேலையும் தண்ணீர் செய்த வேலையும் தனித்தனியாகத் தெரிந்தன.

பன்னிரண்டையும் இப்படிக் கவிழ்த்துப் பார்த்ததில் நான்கின் தண்டு மண் மட்டத்தில் கறுத்து, நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இல்லை. அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். மண்ணோடு பையில் கட்டிக் குப்பைக்குப் போயின. அந்த மண்ணை மறுபடி பூச்சட்டிக்கு எடுக்கக்கூடாது. மீதி எட்டுக்கும் செய்த வைத்தியம் இது.

கத்தரிக்கோலைக் கிருமிநீக்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகிய வேரை எல்லாம் வெட்டி எடுத்தார்கள். வேரில் எவ்வளவு போனதோ அந்த அளவுக்கு மேலேயும் குறைத்தார்கள்: மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் கிளையிலும் மூன்றில் ஒரு பங்கு, பாதி போயிருந்தால் பாதி. பூவும் மொட்டும் ஒன்று விடாமல் கிள்ளியாகிவிட்டது. பிறகு புதுக் கலவையில் நட்டு, ஒருமுறை மட்டும் அடியில் வழியும் வரை தண்ணீர் விட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் 10 நாள். இந்த 10 நாளில் உரம் கிடையாது. வெட்டுப்பட்ட வேரின் நுனியில் உரம் உப்பாகத்தான் வேலை செய்யும்.

சட்டி அளவில் பலர் தவறுவதுண்டு. நோயாளிச் செடிக்குப் பெரிய வீடு கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று நினைப்பார்கள். வேர் எட்டாத மண் தண்ணீரைக் குடிக்க ஆளில்லாமல் நனைந்தே கிடக்கும். அழுகல் அங்கிருந்து மறுபடி கிளம்பும். வேர் பாதிக்கு மேல் போன ஐந்தும் பழைய 20 சென்டிமீட்டர் அளவிலேயே வைக்கப்பட்டன. வேர் நன்றாக இருந்த மூன்று மட்டும் 30 சென்டிமீட்டர் சட்டிக்கு மாறின.

கலவை

கன அளவில் எட்டுப் பங்கு: தோட்டத்துச் செம்மண் 2, கரடான ஆற்று மணல் 2, எரித்த உமி 2, தென்னை நார்த்தூள் 1, மட்கிய குப்பை உரம் 1. ஐந்து லிட்டர் பெயிண்ட் டின்னை அளவாக வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 40 லிட்டர். கலந்ததும் கொஞ்சம் அமுங்கும். 30 சென்டிமீட்டர் சட்டிக்கு ஏறக்குறைய 14 லிட்டர், 20 சென்டிமீட்டர் சட்டிக்கு 4 லிட்டர் பிடிக்கும்.

எரித்த உமி தான் இதில் பெரிய வேலைக்காரன். இறுகாது, இலேசானது, காற்றுக்கு இடம் விடும்; காரத்தன்மை உள்ளதால் நம் செம்மண்ணின் புளிப்பையும் கொஞ்சம் தணிக்கும். வெள்ளைச் சாம்பலாகப் போனது வேண்டாம். உமியின் வடிவம் கலையாமல் கறுப்பாக இருப்பதுதான் வேண்டும். ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டுச் சேர்ப்பது நல்லது. நார்த்தூளையும் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், உப்பு இருக்கும். மணல் கரடாக, கையில் எடுத்தால் நெறுநெறுவென்று இருக்க வேண்டும். பூசு வேலைக்கு வரும் நைஸ் மணலைக் களிமண்ணோடு கலந்தால் செங்கல்தான் கிடைக்கும்.

அடியில் ஓட்டுத் துண்டு, கூழாங்கல் அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். கல் அடுக்கின் மேல் வந்த தண்ணீர் உடனே கீழே இறங்காது. மேலே உள்ள நுண்ணிய மண் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் நெருக்கமாக மேலே வந்துவிடுகிறது, அவ்வளவுதான் பலன். ஓட்டை மேல் ஒரு துண்டு கொசுவலை போதும். ஓட்டைகளைப் பெருக்குங்கள்: 10 மில்லிமீட்டர் அளவில் அடியில் எட்டு, பக்கச் சுவரில் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே நான்கு. சட்டிக்குக் கீழே மூன்று உடைந்த டைல் துண்டு வைத்து 2 சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் தண்ணீரும் வடியும், சிமெண்டுச் சூடும் நேரே ஏறாது.

சட்டிக்கு நிழல் தருவதற்குச் செலவு வேண்டியதில்லை. இந்த வீட்டில் சட்டிகளைப் பழைய மரப் பாலட் மேல் நெருக்கி வைத்து, மேற்கு வரிசைக்கு முன்னால் அரிசிச் சாக்கை மடித்துச் சட்டி உயரத்துக்கு மட்டும் கட்டினார்கள். செடியின் தலைக்கு மேல் கறுப்பு வலை எதுவும் போடவில்லை. வெள்ளைப் பெயிண்ட் அடித்தாலும் போதும். ஒரு சட்டிக்குள் இன்னொரு சட்டியை இறக்கி இரண்டுக்கும் நடுவே விரல் அகலம் காற்று விட்டால் அதுவும் நல்ல காப்பு.

தண்ணீருக்குச் சத்தே குச்சியை, இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சியை, வழிகாட்டியாக வைத்தார்கள். சட்டி ஓரத்திலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளி 10 சென்டிமீட்டர் ஆழம் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் எதுவரை ஈரம் என்று குச்சியின் நிறமே சொல்லும். மேலே 4, 5 சென்டிமீட்டர் காய்ந்திருந்தால் ஊற்றலாம். அடியில் வழியும்வரை ஊற்றி நிறுத்த வேண்டும். மேலேயே ஈரம் தெரிந்தால் அன்றைக்கு வேண்டாம், செடி எப்படி நின்றாலும் சரி. மழையில்லாத வெயில் நாளில் வேர் நிறைந்த 20 சென்டிமீட்டர் சட்டிக்குத் தினம் ஒரு தடவையும் 30 சென்டிமீட்டர் சட்டிக்கு ஒன்றுவிட்டு ஒரு நாளும் தேவைப்பட்டன. நேரம் காலை ஏழு, ஏழரை. ராத்திரிக்கு இலை நனைந்தபடி நிற்க விட்டால் பூசண நோய்க்கு அழைப்பு. சட்டிச் செடி ஒருநாள் காய்ந்து துவண்டால் காலையில் ஊற்றினால் எழுந்துவிடும், அழுகியது எழாது. எந்தப் பக்கம் தவறுவது என்று கேட்டால் காயவிடும் பக்கம் தவறுங்கள்.

பாத்தியில் பூ இல்லாத காரணம்

இது சுலபமான கேஸ். பாத்தி போடும்போது இரண்டு கோணிப்பை கோழி எரு. 3.6 சதுர மீட்டருக்கு அது மிக அதிகம். போதாதென்று மாதம் ஒரு கை யூரியா; அதில் 46 விழுக்காடு நைட்ரஜன். உண்ணிச்செடி ஏழை மண்ணுக்குப் பழகியது. தின்னக் கொடுத்தால் தண்டும் இலையுமாக வளரும், பூப்பதற்கு அவசரப்படாது. கொழுத்த இளந்தளிர் பூச்சிக்கும் பிடித்தமான தீனி.

போட்ட எருவை எடுக்க முடியாது. செடிகளை 40 சென்டிமீட்டருக்கு வெட்டி, வெட்டிய தழையைப் பாத்தியிலேயே போடாமல் அப்புறப்படுத்தினார்கள். அந்தத் தழையோடு நைட்ரஜனும் கொஞ்சம் வெளியேறும். உரம் அடியோடு நிறுத்தம். ஏப்ரல், மே மாதத்து மாலை இடிமழை மீதியைக் கழுவிக்கொண்டு போகும். மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க, சந்துப் பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வடிகால் வெட்டப்பட்டது. மழையில்லாத வாரத்தில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு 5 லிட்டர், அதற்கு மேல் கிடையாது.

பன்னிரண்டில் நான்கு செடி பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழலில். பகல் ஒரு மணிக்கு மேல்தான் அங்கே வெயில் விழும், அதுவும் மூன்று மணி நேரம். உண்ணிச்செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். எரு, தண்ணீர், வெட்டு எதைச் சரிசெய்தாலும் அந்த நான்கும் பூக்கப் போவதில்லை. அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பாண்டானும் வல்லாரையும் வைத்தார்கள். இரண்டும் அந்த நிழலை விரும்பும், சமையலுக்கும் ஆகும்.

சட்டிகளுக்கு உரம் வேண்டும். கலவையில் சத்து குறைவு. மெதுவாகக் கரையும் 14:14:14 உருண்டை, 30 சென்டிமீட்டர் சட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி. செம்பனைக்குப் போடும் நீல உரம் 12:12:17 கையில் இருந்தால் மாதம் அரைத் தேக்கரண்டி, தண்டிலிருந்து தள்ளி, ஈர மண்ணில். காய்ந்த மண்ணில் போட்டு மேலே வெயில் அடித்தால் இலை ஓரம் கருகும். அதையும் வெயில் கருக்கியது என்றே சொல்வார்கள்.

சாம்பல் பூத்த இலைகள்

தெருப்பக்கத்து மூன்று செடிகளை வெயில் சுட்டுவிட்டது என்று நினைத்து நிழலுக்கு மாற்றும் யோசனை வீட்டில் இருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்ததும் கதை மாறியது. மேல்பக்கம் நரம்புகளுக்கு நடுவே ஊசியால் குத்தியது போல ஆயிரம் வெளிர்ப்புள்ளி. அடிப்பக்கம் கறுப்பு வார்னிஷ் சொட்டியது போலப் பளபளக்கும் துளிகள். அது பூச்சியின் எச்சம். அவற்றின் நடுவே 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில், இறக்கை வலைத்துணி போன்ற பூச்சிகள். பக்கத்தில் முள்முள்ளாகக் குஞ்சுகள். லந்தானா வலைப்பூச்சி. களையாகப் பரவிய உண்ணிச்செடியை ஒழிப்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து 1902இல் ஹவாய்க்குக் கொண்டுபோன பூச்சி இது. செடியை அழிக்க ஆள் வைத்து அனுப்பப்பட்டதை நம் வீட்டுப் பாத்தியில் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முற்றினால் மொட்டு உதிரும், பிறகு இலையும் உதிரும்.

வெயில் சுட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் குழப்பம் வராது. சூடு பட்ட இலையில் ஓரமும் நுனியும் பழுப்பாகி மொறுமொறுக்கும். சூரியனைப் பார்க்கும் இலைகளில் மட்டும் வரும். அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். நர்சரியில் கறுப்பு வலைக்கடியில் வளர்ந்த செடியை வாங்கிவந்த அன்றே முழு வெயிலில் வைத்தால் இது நடக்கும். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு தினம் ஒரு மணி நேரம் கூட்டி, 10 நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோனால் நடக்காது. சிலந்திப்பேன் என்றால் இலை துருப்பிடித்தாற்போல மங்கி, காம்புக்கடியில் மெல்லிய வலை தெரியும். வெள்ளை ஈ என்றால் செடியைத் தட்டியதும் மாவு பறப்பது போலக் கிளம்பி, இலையில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் விடும்.

வலைப்பூச்சிக்கு முதல் மருந்து கத்தரிக்கோல்தான். மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, பறக்குமுன் உடனே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினார்கள். மீதிக்குக் காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கமாக வேகமாகப் பாய்ச்சினார்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், அது கரைய 2 மில்லிலிட்டர் பாத்திரம் கழுவும் சோப்பு. வெயில் இறங்கிய பின் அடிப்பக்கம் நனைய அடிப்பது. ஆறு நாள் இடைவெளியில் மூன்று தடவை. ஒரே தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை ஒரு வாரத்தில் அதே இலையில் இருக்கும். மூன்றாவது தடவையைச் சோம்பலால் விடுவதுதான் தோல்விக்கு வழக்கமான காரணம். கடைப் பூச்சிமருந்தைப் பூவிருக்கும் செடியில் அடிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் கெலுலுட் எனும் கொட்டாத தேனீயின் பெட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேனீ இந்தப் பூவுக்கும் வரலாம்.

வெட்டும் பதியனும்

நம் ஊரில் இந்தச் செடிக்கு ஓய்வுக்காலம் கிடையாது. வெட்டாமல் விட்டால் ஆறு மாதத்தில் அடி மொட்டைக் குச்சியாகி நுனியில் மட்டும் பூக்கும். 15 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டருக்கு ஒட்ட வெட்டும் பெரிய வெட்டு மழை தொடங்கும் நேரத்தில் மட்டும். கோடையில் இலையே இல்லாத முற்றிய கட்டைக்கு வெட்டினால் துளிர்க்காமல் போகலாம். கையுறை போடுங்கள், இலையின் சுணை சிலருக்குச் சிவந்து அரிக்கும்.

செத்த சட்டிகளுக்கு மாற்று, வெட்டிய கிளையிலிருந்தே வந்தது. பூக்காத நுனி, 8 முதல் 10 சென்டிமீட்டர், கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி. மணலும் எரித்த உமியும் சம பங்கு. மேலே, அடி வெட்டிய 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, மூடியைத் திறந்துவிட்டு, நிழலில். மூன்று வாரத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். வைத்த 15இல் 11 பிடித்தன. பிடிக்காத நான்கும் மொட்டோடு வெட்டியவை.

பழம், பறவை, மாடு

தோட்டப்புறத்தில் இந்தச் செடியை வளர்ப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் லந்தானா கமாரா இருக்கிறது. கறுத்துப் பழுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்னும். விதை செம்பனை வரிசைக்குள் விழும். அங்கே முளைத்துப் புதராகும். செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் பூச்செடிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்து, உண்ணிச்செடியும் அந்த வகை என்று எண்ணிக் கொண்டுபோய் நடுகிறவர்களும் உண்டு. செம்பனை இலையை அரிக்கும் பைப்புழுவைத் தின்னும் நல்ல பூச்சிகளுக்காகத் தோட்டங்களில் நடுவது தர்னேரா, காசியா கோபனென்சிஸ், கொடியாகப் படரும் அந்திகோனோன் போன்றவை. உண்ணிச்செடிக்கு அங்கே வேலையில்லை.

விதை வைக்காத மலட்டு வகைகள் கிடைக்கின்றன; மஞ்சளில் நியூ கோல்டு பரவலாகத் தெரிந்தது. அட்டையில் வெறும் லந்தானா என்று எழுதியிருந்தால் நர்சரியில் அதே வகையின் பழைய செடி ஒன்றைத் தேடுங்கள். உதிர்ந்த பூக்கொத்தின் இடத்தில் பச்சை மணிகள் கோத்திருந்தால் அது விதை வைக்கும் வகை; வெறும் காம்பு நின்றால் அதை வாங்கலாம். இந்த வீட்டுப் பலவண்ணச் செடிகள் விதை வைப்பவை. வாரம் ஒருமுறை வாடிய கொத்துகளைக் கிள்ளிவிட முடிவானது. பழத்துக்குப் போகும் சத்து மொட்டுக்குத் திரும்புவதால் பூவும் கூடும்.

இலையிலும் பச்சைக் காயிலும் உள்ள லாந்தடீன் என்ற நச்சு மாடு, ஆடுகளின் ஈரலைக் கெடுக்கும். தின்ற மாட்டுக்குக் கண் மஞ்சளாகும். வெயிலில் நின்றால் வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் வெந்து உரியும். செம்பனை மரத்தடியில் மாடு மேயும் ஊரில் வெட்டிய தழையைப் பின்சந்தில் வீசுவது பெரிய தவறு. வீசிய தண்டு ஈர மண்ணில் வேரும் பிடிக்கும். இந்த வீட்டிலும் முதல் வெட்டின் தழை வாய்க்கால் ஓரம்தான் கிடந்தது. அதை வாரி, பையில் கட்டி, குப்பை வண்டிக்குக் கொடுத்தார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் கட்டும் மாலையிலும் இந்தப் பூ வேண்டாம். கையில் எட்டும் உயரத்தில் காய் இருந்தால் சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும். அந்தக் கொத்தைக் கிள்ளிவிடுவதே பாதுகாப்பு.

பத்து வாரம் கழித்து

ஜூன் கடைசியில், மறுநடவு செய்த எட்டுச் சட்டியில் ஏழு பூவோடு நின்றன. போன ஒன்று ஊதாப் படர்வகை. மே மாதத்து அடைமழை நான்கு நாள் தொடர்ந்தபோது அதைக் கூரைக்கடியில் நகர்த்த மறந்துவிட்டார்கள். பாத்தியில் மிஞ்சிய எட்டில் ஆறு, வெட்டிய ஐந்தாம் வாரத்தில் மொட்டு வைத்தன. எரு அதிகம் விழுந்த நடுப்பகுதியில் இரண்டு மட்டும் இன்னும் இலையாகவே போகின்றன, அடுத்த வெட்டு வரை பொறுக்க வேண்டும். வலைப்பூச்சி மூன்றில் ஒரு செடியில் ஜூன் நடுவில் திரும்பி வந்தது. இம்முறை இலையைத் திருப்பிப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். நான்கே இலை கிள்ளியதோடு முடிந்தது.

அடுத்த சோதனை அக்டோபர், நவம்பர் மழை. செப்டம்பர் முடிவதற்குள் சட்டிகளின் பக்க ஓட்டைகளில் வேர் அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்து, அடைத்தவற்றைத் திறந்துவிட்டு, அரிசிச் சாக்கையும் அவிழ்த்துவிட வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த சாக்கு சட்டியைக் காயவே விடாது.